கோணல் கையும் கோணாத வாசிப்பும்

தலைவர் அய்யா, இந்த வேகாத வெயில்லயும் வந்திருக்குற நூலகர் அம்மா, மைக் செட்டுக்கு காசு வேணாம்னுட்ட சவுண்டு சர்வீஸ் தம்பி, வாசகர் வட்டத்து பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தின செயலாளர் அண்ணனுக்கு தனியா ஒரு நன்றி.

மூணு விஷயம் பேசணும். ஒரு ஆல்பம், அதை வாசிச்ச ரெண்டு பேரு, அப்புறம் கன்ட்ரிங்கற அமெரிக்க கிராமத்து இசையும் ஜாஸ்ங்கற இன்னொரு அமெரிக்க இசையும் எந்த இடத்துல ஒட்டுதுங்கறது.

ஆல்பம் பேரு செஸ்டர் அண்ட் லெஸ்டர், 1976ல வந்துச்சு. செஸ்டர்னா செட் அட்கின்ஸ், அமெரிக்காவுல நாஷ்வில் ஊரு கன்ட்ரி கிட்டார்காரரு, கட்டைவிரல்ல பேஸ்ங்கற கனத்த சுரத்தப் போட்டுக்கிட்டே மத்த விரல்ல மெட்டு எடுப்பாரு, கண்ண மூடிக் கேட்டா ரெண்டு பேரு வாசிக்கிற மாதிரியே இருக்கும். லெஸ்டர்னா லெஸ் பால், ஜாஸ் கிட்டார்காரரு.

எங்க அப்பத்தா அடிக்கடி சொல்லும், ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு. லெஸ் பாலுக்கு கூடம் இல்லீங்க, கையே கோணல்! 1948 ஜனவரி, ஓக்லஹோமால ரோடெல்லாம் பனி, கார் வழுக்கி பாலத்துலேர்ந்து கீழ போயிடுச்சு, வலது முழங்கை நொறுங்கிப்போச்சு. கைய எடுத்துடலாமான்னு யோசிக்கிற அளவுக்கு மோசம். டாக்டர் சொல்றாங்க, கை தப்பிச்சாலும் முழங்கை மடங்காது, எப்படி வைக்கிறோமோ அப்படியே நின்னுடும்னு. வேற யாரா இருந்தாலும் அழுதிருப்போம். இவரு, கிட்டார் புடிக்கிற வாக்குல மடக்கி வச்சு சேத்துடுங்கன்னாரு! அப்படியே சேத்தாங்க. தேற ஒன்றரை வருஷம் ஆச்சு. அறுபது வயசுல நாஷ்வில் வந்து செட்டுக்கு எதிர்ல உக்காந்து வாசிச்சதும் அந்தக் கைதான். தான் வாசிச்ச கிட்டார் சத்தத்து மேலயே இன்னொரு கிட்டார் சத்தத்த அடுக்கி ரெக்கார்ட் பண்ற வித்தைய ஊருக்கெல்லாம் காட்டின மனுஷன், இந்த ஆல்பத்துல பெரும்பாலும் நேரடியா வாசிச்சிருக்காரு. பாட்டுக்கு நடுவுல ரெண்டு பேரும் பேசிக் கலாய்ச்சிக்கிறதையும் அழிக்காம விட்டிருக்காங்க, கேக்குறப்ப நாமளும் ஸ்டூடியோல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்த மாதிரி இருக்கும். இந்த ஆல்பத்துக்கு கிராமிங்கற பெரிய இசை விருது குடுத்தாங்க, கன்ட்ரி கணக்குல! பாட்டெல்லாம் பழைய ஜாஸ் பாட்டு. ரெண்டும் ஒட்டுற இடம் இதுதான்.

இதையெல்லாம் நம்ம புள்ளைங்க எங்க போய் முழுசா கேக்கும்? போன்ல முப்பது செகண்ட் கேட்டு தள்ளிவிடுது. நூலகத்துல படிக்க மேசை இருக்குல்ல, கேக்கவும் ஒரு ரூம் வேணும்னுதான் போற எடமெல்லாம் கேக்குறேன். இடம் பத்தல, சத்தம் வரும்னா, அதுவும் கூடம் கோணல் கதைதான். தலைவர் அய்யா, மாடியில பழைய பேப்பர் கட்டி போட்டிருக்கிற ரூம் போதும். ரெக்கார்ட் பிளேயர் நான் தர்றேன், இசைத்தட்டும் நான் தர்றேன். சாவிய மட்டும் இன்னிக்கே குடுத்துடுங்க.