மெழுகு ஆறட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

மேசையில் மெழுகு கொட்டிவிட்டால் நம் கை உடனே துணியைத் தேடும். சூடாக இருக்கும்போதே துடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று ஒரு நினைப்பு. அதுதான் முதல் தப்பு. காசளவு இருந்த துளி உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிடும். மரத்தின் ரேகைக்குள்ளும் துணியின் இழைக்குள்ளும் இறங்கிவிடும். மற்ற கறைகளை ஆறவிட்டால் ஆபத்து. மெழுகை மட்டும் ஆறவிட வேண்டும்.

காரணம் எளிதானது. இன்று நாம் கொளுத்துகிற மெழுகுவர்த்திகளில் பெரும்பாலானவை பெட்ரோலியத்திலிருந்து எடுத்த பாரஃபின். அது சுமார் 46 முதல் 68 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். தேன்மெழுகுக்கு 62, 64 டிகிரி வேண்டும். ஆறும்போது சுருங்கும், நன்றாகக் குளிர்ந்தால் நொறுங்கும். தண்ணீரில் மட்டும் கரையவே கரையாது. அதனால்தான் சோப்பும் ஈரத்துணியும் வைத்து எவ்வளவு தேய்த்தாலும் அது அசைவதில்லை.

ஆகவே முதலில் குளிர். பனிக்கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மெழுகின் மேல் பத்து நிமிடம் வையுங்கள். பையில்லாமல் வைத்தால் உருகும் தண்ணீர் மரத்தைக் கெடுக்கும். அப்புறம் மழுங்கலான ஒன்றால் நெம்புங்கள். காலாவதியான ஏடிஎம் அட்டை போதும், மரக்கரண்டியும் போதும். கத்தி வேண்டாம். எங்கள் வீட்டு மேசையில் நான் கத்தியால் சுரண்டிய இடம் ஒன்று உண்டு. மெழுகு அன்றைக்கே போய்விட்டது. கீறல் இன்னும் இருக்கிறது.

துணியில் விழுந்தால்தான் கொஞ்சம் கூடுதல் வேலை. மேலே திரண்டிருப்பதை நொறுக்கி உதிர்த்த பிறகும் இழைக்குள் மெழுகு மிச்சம் இருக்கும். அங்கேதான் சூட்டின் உதவி வேண்டும். துணிக்கு அடியிலும் மேலேயும் அச்சடிக்காத, உறிஞ்சக்கூடிய தாளை வைத்து, இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் ஓட்டுங்கள். நீராவி வேண்டாம். செய்தித்தாளும் வேண்டாம், அதன் மை துணியில் ஏறிவிடும். சில துணிகளில் தைத்திருக்கும் சீட்டில் ஒற்றைப் புள்ளி போட்ட இஸ்திரிப் பெட்டிப் படம் இருக்கும். 110 டிகிரிக்கு மேல் போகாதே என்று அதற்கு அர்த்தம். மெழுகு உருக அதுவே தாராளம். உருகிய மெழுகைத் தாள் இழுத்துக்கொள்ளும், தாளில் எண்ணெய் பட்டதுபோல ஒரு வட்டம் தெரியும். வட்டம் விழுந்ததும் தாளின் சுத்தமான பக்கத்தை மாற்றி வையுங்கள். மாற்றாமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் எடுத்த மெழுகையே திரும்பக் கொடுக்கிறீர்கள்.

சிவப்பு, பச்சை மெழுகென்றால் மெழுகு போனபின் சாயம் நிற்கும். அதற்கு ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றிப் பாருங்கள். ஆனால் முதலில் துணியின் உள்மடிப்பில் சோதித்துவிட்டு. தரைவிரிப்புக்கும் இதே முறைதான். பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையாக இருந்தால் மட்டும் கவனம்: அது 160 டிகிரிவாக்கில் தானே உருகிவிடும். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் மெழுகுக் கறை போய், அதைவிட மோசமான ஒரு தழும்பு வரும்.

மெருகு போட்ட மரத்துக்கு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டி, மெழுகு இளகியதும் மென்மையான துணியால் ஒற்றி எடுக்கலாம். ஒரே இடத்தில் நிறுத்திவைத்தால் மெருகு வெளுத்துவிடும். பளிங்குக்கு எலுமிச்சையும் வினிகரும் போடச் சொல்வார்கள். கேட்காதீர்கள். அமிலம் மெழுகை ஒன்றும் செய்யாது, பளிங்கின் சுண்ணாம்பை மட்டும் அரித்துவிடும்.

வெளியே வந்தால் கதை வேறு. சிமென்ட் தரை, செங்கல், மெருகிடாத கல் எல்லாம் துளைகள் நிறைந்தவை. பலரும் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுகிறார்கள். மெழுகு உருகி மிதப்பதைப் பார்த்தால் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பங்கு துளைக்குள் இறங்கும். இன்னொரு பங்கு தண்ணீரோடு ஓடி, வடிகால் குழாயில் ஆறி அடைத்துக்கொள்ளும். வெயில் ஏறினால் மெழுகு இளகிவிடும், அதனால் விடியற்காலையிலேயே சுரண்டுங்கள். பிறகு பழைய பருத்தித்துணியை விரித்து அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வையுங்கள், துணி மெழுகைக் குடிக்கும். அதற்கும் மசியாத கறைக்கு, தரை நன்றாக ஆறியபின், டர்பன்டைனில் களிமண் பொடியைக் குழைத்துப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் திறந்து காயவிட்டால், கரைந்த மெழுகைப் பொடி தன்னோடு இழுத்துக்கொண்டு உலரும். பெருக்கித் தள்ள வேண்டியதுதான். படிக்கட்டில் விழுந்த மெழுகை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், கால் வழுக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கையைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். டர்பன்டைன், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எது பட்ட இடத்திலும் இஸ்திரிப் பெட்டி போகக்கூடாது. ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் நெருப்பில்லாமல் வேலை செய்யுங்கள். பெட்ரோலைத் தொடவே வேண்டாம்.

கண்ணாடிக் கிண்ணத்தில் ஒட்டிய மெழுகுதான் இருப்பதிலேயே சுலபம். சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் சுருங்கி, தட்டினாலே கழன்று வந்துவிடும். குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விடும்.

சுரண்டி எடுத்த துண்டுகளில் சுத்தமானவற்றை நான் எறிவதில்லை. இழுத்தால் வராமல் அடம்பிடிக்கும் மேசை இழுப்பறையின் ஓரங்களில் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

வணக்கம்.