அடுத்த அறையில் இருந்த ஊசி

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, வரவேற்புரையில் என்னை அளவுக்கு மீறிப் புகழ்ந்த செயலாளர் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியையும் எடுத்துக்கொண்ட நண்பர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். காந்தத்தை அசைத்தால் மின்னோட்டம் ஏன் வருகிறது, அது எந்தத் திசையில் ஓடும், மின்மாற்றி எப்படி இயங்குகிறது. அதற்கு முன் ஒரு கதை.

1825. ஜெனீவாவில் கொலாடன் என்றொரு அறிவியலாளர். காந்தத்தால் மின்னோட்டம் வருமா என்று பார்க்கக் கம்பிச்சுருளும் காந்தமும் எடுத்துக்கொண்டார். மின்னோட்டம் வந்தால் ஊசி ஆடிக் காட்டும் கருவி கால்வனாமீட்டர். காந்தம் பக்கத்தில் இருந்தால் அந்த ஊசியை நேராகவே இழுத்துவிடுமே! அதனால் அந்தக் கருவியை அடுத்த அறையில் வைத்து, நீளமான கம்பியால் இணைத்தார். எவ்வளவு எச்சரிக்கை பாருங்கள்! காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தார். எழுந்தார். நடந்தார். அடுத்த அறைக்குப் போய்ப் பார்த்தார். ஊசி சுழியில் நிற்கிறது! அவர் நடந்த நேரத்துக்குள் ஊசி ஆடி அடங்கிவிட்டது. கூட ஓர் ஆள் இருந்திருந்தால் வரலாறே மாறியிருக்கும்.

1831 அக்டோபர் 17. மைக்கேல் ஃபாரடே காந்தத்தைச் சுருளுக்குள் செலுத்தினார், ஊசி துள்ளியது. வெளியே இழுத்தார், எதிர்ப்பக்கம் துள்ளியது. அசையாமல் வைத்தார், ஒன்றுமில்லை. காந்தம் இருப்பதால் மின்சாரம் வருவதில்லை. சுருளை ஊடுருவும் காந்தப்புலத்தின் அளவு, அதாவது காந்தப்பாயம், மாறும்போதுதான் வருகிறது. வேகமாக மாற்றினால், மின்னோட்டத்தை ஓட வைக்கும் மின்னியக்கு விசை கூடும். சுற்றுகளைப் பெருக்கினாலும் கூடும்.

திசையா? 1834இல் லென்ஸ் என்ற இயற்பியலாளர் சொல்லிவிட்டார்: எந்த மாற்றம் தன்னை உண்டாக்கியதோ அதையே அந்த மின்னோட்டம் எதிர்க்கும். ஆகவே காந்தத்தைத் தள்ள நாம் உழைக்க வேண்டும். அந்த உழைப்புதான் மின்னாற்றலாகிறது. அணையில் நீரும் அனல் நிலையத்தில் நீராவியும் செய்வது இதைத்தான்.

ஆனால் இதையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டே முடித்துவிடுகிறோமே! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஃபாரடே இளமையில் புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். ஏட்டைத் தைத்துக் கட்டியவருக்கே ஏட்டோடு நின்றுவிடக் கூடாது என்று தெரிந்திருந்தது. நமக்கு?

மின்மாற்றியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதனால் கோரிக்கைக்கு வருகிறேன். ஆய்வகத்தில் மேசைக்கு ஒரு சுருள், ஒரு காந்தம், ஒரு கால்வனாமீட்டர் வேண்டும். பூட்டிய அலமாரியில் இருந்தால் அதுவும் ஏட்டுச் சுரைக்காய்தான். ரெக்கார்டு நோட்டின் அழகுக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். ஊசியை ஆடவைத்த கைக்குப் போடுங்கள். இன்றைய தீர்மானத்தில் இதைச் சேர்க்கும்படி செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.