சண்டை நடக்கும்போது ஒண்ணும் வரல, ராத்திரி எல்லாம் ஞாபகம் வருது: ஆஸ்பெர்கர் உள்ளவங்களுக்கு ஏன் இப்படி?

வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்துக்கப் போறேன். கொஞ்சம் நீளமான கேள்வி, படிச்சுடுறேன்.

"எனக்கு ஆஸ்பெர்கர் இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. மனைவியோட ஏதாவது வாக்குவாதம் வந்தா, 'போன வாரம் நீங்க என்ன சொன்னீங்க, நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பார்ப்போம்'னு கேப்பாங்க. ஒரு வார்த்தைகூட வராது. ராத்திரி படுத்ததுக்கு அப்புறம் ஒவ்வொண்ணா வரும். ஆபீஸ்லயும் இதே கதைதான். நான் மழுப்புறேன்னு நினைக்கிறாங்க. ஆனா பத்து வருஷம் முன்னாடி படிச்ச விஷயமெல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கு. இது ஞாபக மறதி நோயா? ஞாபகமே இல்லாத வார்த்தைக்கு நான் மன்னிப்பு கேக்கணுமா?"

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நீங்க மழுப்பல. பேரைப் பத்தி ஒரு வரி மட்டும்: 2013-க்கு அப்புறம் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டுல ஆஸ்பெர்கர்னு தனியா ஒரு பேரு கிடையாது, ஆட்டிசம் ஸ்பெக்ட்ரத்துக்குள்ள (மத்தவங்களோட பழகுறது, பேசுறது எல்லாம் பிறவியிலேயே வேற மாதிரி இருக்கிற நிலைகளோட தொகுப்பு) சேர்த்துட்டாங்க. அதனால நான் ஆட்டிசம்னு சொன்னாலும் உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். ஞாபகம்ங்கிறது ஒரே சாமான் இல்ல. எண்டெல் டுல்விங்னு ஒரு உளவியல் அறிஞர் 1972-லயே இதை ரெண்டாப் பிரிச்சுக் காட்டினார். தகவல்களோட ஞாபகம் ஒண்ணு. நடந்த சம்பவங்களோட ஞாபகம் இன்னொண்ணு, அதாவது எங்க இருந்தேன், யாரு பேசினாங்க, எது முதல்ல நடந்தது, எது பின்னாடி நடந்ததுங்கிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு முதல் வகை நல்லா இருக்கும், சில பேருக்குப் பிரமாதமாவே இருக்கும். ரெண்டாவது வகையை நினைச்ச நேரத்துல எடுக்கிறதுதான் கஷ்டம். வீட்டுல சந்தேகம் வர்றதும் இதனாலதான். "அவ்வளவு பெரிய விஷயமெல்லாம் தலைகீழா ஒப்பிக்கிறீங்க, நான் அழுதது மட்டும் மறந்துபோச்சா?" அந்தக் கேள்விக்குப் பின்னாடி இருக்கிற வலி எனக்குப் புரியுது. ஆனா அது வேற ஞாபகம், இது வேற ஞாபகம்.

அடுத்தது, இதுதான் முக்கியம். பதிவாகலைங்கிறது வேற, பதிவானதை எடுக்க முடியலைங்கிறது வேற. லண்டன்ல டெர்மாட் பௌலர்னு ஒரு பேராசிரியர் இதைப் பல வருஷமா ஆராய்ச்சி பண்ணியிருக்கார். வார்த்தைகளை வரிசையாக் காட்டிட்டு, "என்னெல்லாம் ஞாபகம் இருக்கு, சொல்லுங்க"ன்னு வெறுமனே கேட்டா ஆட்டிசம் உள்ளவங்க தடுமாறுறாங்க. அதே ஆட்கள்கிட்ட வார்த்தையைக் காட்டி, "இது அந்த வரிசையில இருந்துச்சா?"ன்னு கேட்டா, பெரும்பாலும் மத்தவங்களுக்குச் சமமாச் சொல்லிடுறாங்க. அப்ப விஷயம் உள்ளதான் இருக்கு. யாராவது அடியெடுத்துக் கொடுத்தா வருது. கொடுக்கலைன்னா வரமாட்டேங்குது. உங்களுக்கு ராத்திரி வருதுன்னு சொல்றீங்களே, அதுவே சாட்சி. பதிவாகாத ஒண்ணு ராத்திரி எங்கேருந்து வரும்?

சரி, சண்டையில மட்டும் ஏன் இவ்வளவு மோசமாகுது? அந்த நேரத்துல உங்க மூளை என்னென்ன செய்யணும்னு யோசிச்சுப் பாருங்க. எதிர்ல இருக்கிறவங்க சொல்ற வார்த்தையைக் கேக்கணும். குரல் ஏறுறதைக் கவனிக்கணும். முகத்தைப் படிக்கணும். மத்தவங்களுக்கு இதுல பாதி தானா நடக்கும். நீங்க ஒவ்வொண்ணையும் முயற்சி பண்ணிச் செய்றீங்க. அதுக்கு நடுவுல போன வாரத்துக்கும் போய் ஒரு உரையாடலைத் தேடி எடுத்துட்டு வான்னா, எங்கேருந்து வரும்?

இதோட கார்ட்டிசால் சேருது. பதற்றத்துல உடம்புல ஏறுற ஹார்மோன் அது. அது ஏறியிருக்கும்போது, பழைய ஞாபகத்தை எடுக்கிறது யாருக்குமே சிரமம்தான். பரீட்சை ஹால்ல படிச்சதெல்லாம் மறந்துபோறது இப்படித்தான். அதே சமயம், பதற்றத்துல நடக்கிற சம்பவம் மூளையில அழுத்தமாப் பதியறதுக்கும் அது உதவுது. எடுக்க விடாது, ஆனா பதிய வைக்கும். அதனாலதான் உடம்பு அடங்கினதும், ராத்திரி, வேண்டாத அளவுக்குத் துல்லியமா எல்லாம் வந்து நிக்குது.

இன்னொண்ணும் இருக்கு. தனக்குள்ள வர்ற உணர்ச்சி என்னன்னு இனம் கண்டு சொல்ல முடியாத நிலையை அலெக்ஸிதிமியான்னு சொல்வோம். ஆட்டிசம் உள்ளவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இது இருக்கு. "அன்னிக்கு எனக்கு அவமானமா இருந்துச்சு"ங்கிற நினைப்பைப் பிடிச்சுக்கிட்டுதான் நம்மள்ல பலர் அந்த நாளைத் திரும்ப நினைக்கிறோம். அந்த உணர்ச்சிக்கே பேரு தெரியலைன்னா, பிடிச்சுக்க ஒண்ணும் இல்லாமப் போயிடுது. இது என்னோட கணிப்பு.

இப்ப என்ன பண்ணலாம்? இதுல கூட இருக்கிறவங்க செய்ய வேண்டியதுதான் அதிகம்னு நான் நினைக்கிறேன். அதனால உங்க மனைவிகிட்ட நேரடியாப் பேசுறேன்.

அம்மா, "அன்னிக்கு என்ன நடந்துச்சு?"ன்னு மொட்டையாக் கேக்காதீங்க. இடத்தையும் நேரத்தையும் வெச்சுத் தொடங்குங்க. "சனிக்கிழமை சாயங்காலம். நீங்க சோபாவுல லேப்டாப்போட இருந்தீங்க. நான் பில்லைக் கையில எடுத்துட்டு வந்தேன். முதல்ல யாரு பேசினது?" இப்படி ஒரு கேள்வி, ஒரு பதில். நடுவுல காத்திருங்க. அந்த மௌனம் உங்களை அலட்சியம் பண்றதா தோணும். அவர் தேடிக்கிட்டு இருக்கார். ஆனா ஒண்ணு, காட்சியை எடுத்துக் கொடுங்க, பதிலை எடுத்துக் கொடுக்காதீங்க. "நீங்க கத்தினீங்களே, ஞாபகம் இல்லையா?"ன்னு கேட்டா அது கேள்வி இல்ல, தீர்ப்பு.

இதை அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. விசாரணையில மனுஷங்க எப்படிப் பதில் சொல்றாங்கன்னு ஆராய்ச்சி பண்ணின கிஸ்லி குட்ஜான்சனும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து 2008-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஆட்டிசம் உள்ள பெரியவங்க, மத்தவங்க சொல்றதை அப்படியே நம்பிடுறதுல வித்தியாசமா இல்ல. ஆனா எதிர்ல இருக்கிறவங்களோட மோதலைத் தவிர்க்கிறதுக்காக ஒத்துக்கிட்டுப் போறது அவங்ககிட்ட கூடுதலா இருந்துச்சு. "ஆமா, சொல்லியிருப்பேன், விடு"ன்னு முடிச்சுடுறது. வீட்டுல அது அடுத்த சண்டைக்கு விதை. ஆபீஸ் விசாரணையில, போலீஸ் விசாரணையில அது ரொம்ப ஆபத்து. அந்த மாதிரி இடத்துல, "கேள்விகளை எழுத்துல கேளுங்க, பதிலை எழுத்துல தர்றேன்"னு அவர் சொல்லணும். கூட நம்பிக்கையான ஒருத்தரை வெச்சுக்க முடியுமான்னும் கேக்கணும்.

இப்ப, கேள்வி கேட்டவரே, உங்களுக்கு. ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தயார் பண்ணி வெச்சுக்கங்க. "இப்ப எனக்கு வார்த்தை வரல. நாளைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு இதைப் பத்திப் பேசுவேன்." இதுல நேரம் சொல்றதுதான் முக்கியம். நேரம் சொல்லாம எழுந்து போனா அது தப்பிச்சு ஓடுறதா தெரியும். சொன்ன நேரத்துக்கு நீங்களாப் போய் ஆரம்பிக்கணும், அவங்க வந்து ஞாபகப்படுத்துற மாதிரி விடக்கூடாது. அந்த வாக்கியம்கூட வாயில வராத அளவுக்கு அடைச்சுப்போறவங்க உண்டு. அவங்க அதைப் போன்ல டைப் பண்ணி வெச்சுட்டு, எடுத்துக் காட்டினாலே போதும்.

ராத்திரி ஞாபகம் வரும்போது அப்படியே எழுதிடுங்க. அவங்க சொன்னது, நான் சொன்னது, அவ்வளவுதான். யாரு சரி, யாரு தப்புன்னு எழுதாதீங்க. அடுத்த நாள் பேசும்போது அந்தக் குறிப்புதான் உங்களுக்கு அடியெடுத்துக் கொடுக்கும். அதை ஜெயிக்கிறதுக்கு ஆதாரமா நீட்டினீங்கன்னா காரியம் கெட்டுடும். அவங்களுக்கு அந்தச் சம்பவம் வேற மாதிரி ஞாபகம் இருக்கலாம், ரெண்டுக்கும் இடம் கொடுங்க. அதே சமயம், உங்களுக்கு ஞாபகம் வராதுங்கிறதை வெச்சு, நடக்காததை நடந்ததா யாராவது திரும்பத் திரும்பச் சொல்றாங்கன்னு தோணுச்சுன்னா, அந்தக் குறிப்பு உங்களுக்குப் பாதுகாப்பு.

நோயான்னு கேட்டீங்க. நீங்க விவரிக்கிற மாதிரி, சின்ன வயசுல இருந்தே இப்படித்தான்னா, பிறகு எல்லாம் வந்துடுதுன்னா, மறதி நோய் மாதிரி தெரியல. ஆனா சமீபத்துலதான் ஆரம்பிச்சதுன்னா, பிறகும் வரலைன்னா, நடுவுல சில நொடி நினைவே இல்லாமப் போகுதுன்னா, கட்டாயம் டாக்டரைப் பாருங்க. ஆட்டிசம் உள்ளவங்களுக்கு வலிப்பு நோய் மத்தவங்களைவிட அதிகம், சில வகை வலிப்பு வெளிய தெரியாது. மனச்சோர்வும் தூக்கம் இல்லாததும்கூட ஞாபகத்தைக் கெடுக்கும். அதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கு.

கடைசியா, மன்னிப்பு. ஞாபகம் இல்லாத வார்த்தையை நான்தான் சொன்னேன்னு ஒத்துக்காதீங்க. அது உண்மையா இருக்காது, அது அவங்களுக்கும் தெரியும். ஆனா அவங்க மனசு நொந்தது உங்க கண்ணு முன்னாடி இருக்கு. அதுக்கு மன்னிப்பு கேக்க ஞாபகம் தேவையில்ல. "என்ன சொன்னேன்னு எனக்கு இன்னும் வரல. உன்னை அது காயப்படுத்தியிருக்குன்னு தெரியுது, அதுக்கு மன்னிச்சுக்க. நான் யோசிச்சுட்டு நாளைக்கு வர்றேன்." இதைச் சொல்லுங்க, சொன்ன மாதிரி மறுநாள் போய் உக்காருங்க.