ஆறு வருஷம் காலியாக இருந்த நாற்காலி

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணியிலும் பேச வந்திருக்கும் நண்பர்களுக்கும், நேரம் ஆகியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் செசில் குடும்பம் நானூறு ஆண்டுகள் அரசுப் பதவிகளில் நிலைத்து நின்றது உழைப்பாலா, பிறப்பாலா? இதுதான் இன்றைய வழக்கு. பிறப்பால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் வில்லியம் செசிலைப் பற்றி உருகிப் பேசினார். 1558-ல் முதலாம் எலிசபெத் அரியணை ஏறிய நாளிலிருந்து 1598-ல் கண்மூடும் வரை நாற்பது வருஷம் அந்த அரசிக்கு ஊழியம் செய்தவர். சாகக் கிடந்தபோது அரசியே பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் ஊட்டிவிட்டார் என்றார். கேட்டபோது எனக்கும் நெஞ்சு இளகியது. பர்லி பிரபு என்று பட்டம் பெற்ற அந்த மனிதரின் உழைப்பை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் நண்பர் 1598-ஐக் காட்டினார். ஒரு எட்டு வருஷம் பின்னால் போய்ப் பாருங்கள்.

1590-ல் அரசியின் செயலர் பிரான்சிஸ் வால்சிங்கம் இறந்துபோகிறார். வெளிநாட்டுக் கடிதம், தூதர்கள், ஒற்றர்கள் எல்லாம் அந்த ஒரு நாற்காலிக்குக் கீழே. ஸ்பெயினோடு போர் நடக்கிற நேரம் வேறு. அதில் யாரை உட்கார வைத்தார்கள்? யாரையும் இல்லை ஐயா. ஆறு வருஷம் அந்த நாற்காலி காலி. எழுபது வயதைத் தொட்ட பர்லி, கருவூல வேலையோடு அந்த வேலையையும் தானே பார்த்துக்கொண்டு, இளைய மகன் ராபர்ட்டைப் பக்கத்திலேயே வைத்துப் பழக்கினார். 1591-ல், இருபத்தெட்டு வயதில், மகனுக்கு அரசியின் ஆலோசனை சபையில் இடம் கிடைத்தது. 1596-ல் நாற்காலியும் கிடைத்தது.

அந்த ஆறு வருஷத்தில் வாசலில் காத்து நின்றவர்களில் ஒருவர் பர்லியின் மைத்துனி மகன். வேற்று ஆள் இல்லை, மனைவியின் சொந்தத் தங்கை பெற்ற பிள்ளை. பெரியப்பாவுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. எனக்கு முப்பத்தொரு வயதாகிவிட்டது, மணல் கடிகாரத்தில் அது நிறைய மணல் என்று எழுதுகிறார். அறிவு முழுவதையுமே என் களமாக எடுத்துக்கொண்டேன், எனக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று கேட்கிறார். அந்தப் பிள்ளையின் பெயர் பிரான்சிஸ் பேக்கன். ஐரோப்பிய அறிவியல் சிந்தனைக்கே வழி காட்டியவர்களில் ஒருவர். அவர் அட்டர்னி ஜெனரல், அதாவது அரசின் தலைமை வழக்கறிஞர் ஆனது 1613-ல், ராபர்ட் செசில் இறந்த மறுவருஷம். ராபர்ட் திறமைசாலி இல்லையா என்று கேட்பீர்கள். திறமைசாலிதான். கூன் முதுகும் குள்ள உருவமுமாக, ஊரார் கேலியைத் தாங்கி, 1603-ல் ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் ஜேம்ஸ் மன்னரை அரியணையில் அமர்த்தியவர், மறுவருஷமே ஸ்பெயினோடு சமாதானம் முடித்தவர். ஆனால் ஒரு வீட்டுக்குள் இரண்டு திறமைசாலிகள் இருந்தபோது நாற்காலி எவருக்காகக் காத்திருந்தது? பெற்ற மகனுக்காக.

சரி, அதற்கு அப்புறம்? 1612-ல் ராபர்ட் போனார். அவர் வழி வந்த கிளையில் நாடு பெயர் சொல்லும்படி அடுத்த ராஜதந்திரி தலையெடுக்க இருநூறு வருஷத்துக்கு மேல் ஆனது. இடையில் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று எதிரணி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவர்களுடைய ஹாட்ஃபீல்டு மாளிகை கையை விட்டுப் போகவில்லை. நிலம் போகவில்லை. பிரபுக்கள் சபையில் அப்பனுக்குப் பின் பிள்ளை உட்கார்ந்தான். 1789-ல் பட்டம் ஒரு படி ஏறவும் செய்தது, ஏர்ல் என்பது மார்க்விஸ் ஆனது. நம் ஊரில் ஒரு சம்சாரி இரண்டு போகம் உழாமல் போட்டால் நிலம் கருவேலங்காடாகிவிடும். இருநூறு வருஷம் உழாமல் கிடந்தும் இவர்களுக்கு விளைந்துகொண்டே இருந்ததே, அதற்கு உழைப்பு என்று எப்படி ஐயா பெயர் வைப்பது?

அப்படித் தலையெடுத்த ராஜதந்திரி, மூன்றாவது மார்க்விஸ் சாலிஸ்பரிக்கு வருகிறேன். மூன்று முறை பிரதமர். பள்ளியில் அடி வாங்கி அழுதவர், அப்பா பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்தவர் என்று எதிரணி சொன்னது உண்மை. சொல்லாமல் விட்டதும் உண்மை. ஆக்ஸ்ஃபோர்டில் உடம்பு முடியாமல் போனபோது, பிரபு வீட்டுப் பிள்ளை என்ற சலுகையில் அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். 1853-ல், இருபத்துமூன்று வயதில், ஸ்டாம்ஃபோர்டு தொகுதியில் எம்.பி. ஆனார். அந்த ஊர் செசில்களின் மூத்த கிளையின் செல்வாக்கில் இருந்தது. எதிர்த்து யாரும் நிற்கவில்லை. பதினைந்து வருஷம் அந்தத் தொகுதியை வைத்திருந்தார். ஒரு முறைகூட யாரும் எதிர்த்து நிற்கவில்லை.

1866 ஜூலையில் அவரை இந்தியாவுக்கான அமைச்சர் ஆக்கினார்கள். முப்பத்தாறு வயது. அதற்கு முன் எந்த அமைச்சுப் பதவியும் பார்த்தவர் இல்லை. முதல் பதவியே கோடிக்கணக்கான மக்களின் தலைவிதி. அந்த நேரம் ஒரிசாவில் பஞ்சம். பருவமழை தொடங்கிவிட்டால் அந்தக் கரையில் கப்பல் ஒதுங்க முடியாது, உள்ளே அரிசி கொண்டுபோக நல்ல சாலையும் கிடையாது. கடல் ஒரு பக்கம், வெள்ளம் ஒரு பக்கம், நடுவில் பசித்த சனம். இரண்டு மாதம் நான் எதுவும் செய்யவில்லை என்று பிற்காலத்தில் சாலிஸ்பரியே சொன்னார். பத்து லட்சம் பேர் இறந்ததாகச் சொல்கிறார்கள், அந்தப் பழியிலிருந்து நான் நீங்கியவன் என்று என்னால் ஒருபோதும் நினைக்க முடிந்ததில்லை என்றார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் வேலை பழகுகிறவரைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தது எது? இன்னொரு செய்தி. நம் பாட்டிமார் சொல்லிச் சொல்லி அழுத தாது வருஷப் பஞ்சம் வந்தபோதும், லண்டனில் அதே நாற்காலியில் இரண்டாம் முறையாக உட்கார்ந்திருந்தவர் அவர்தான். இதைப் பேசும்போது எனக்குக் குரல் கம்மினால் மன்னியுங்கள்.

அப்புறம் மருமகன் கதை. சாலிஸ்பரியின் அக்கா தங்கைகளில் ஒருவர் பிளாஞ்ச். அவர் மகன் ஆர்தர் பால்ஃபர். தாய்மாமன் அவரை 1878-ல் பெர்லின் மாநாட்டுக்குச் செயலராக அழைத்துப் போனார், 1887-ல் அயர்லாந்தின் நிர்வாகப் பொறுப்பையே தூக்கிக் கையில் கொடுத்தார், 1902-ல் மாமன் எழுந்த பிரதமர் நாற்காலியில் மருமகன் உட்கார்ந்தார். நம் ஊரில் தாய்மாமன் சீர் என்றால் பட்டும் பொன்னும் தட்டில் வரும். 1900-ல் அந்த மந்திரிசபையில் மாமா பிரதமர், இரண்டு மருமகன்கள் மந்திரிகள், கடற்படைக்கு மகளின் கணவர், வெளியுறவில் துணைப் பொறுப்புக்கு மூத்த மகன். லண்டன்காரர்களே அதற்கு ‘ஹோட்டல் செசில்’ என்று பெயர் வைத்தார்கள்.

எதிரணியில் இன்னொரு ராபர்ட்டை, ராபர்ட் செசில் பிரபுவைச் சொன்னார்கள், சாலிஸ்பரியின் மகன். நாடுகளுக்கிடையே அமைதி காக்க அமைந்த சர்வதேச சங்கத்துக்காக வாழ்நாளைக் கொடுத்தவர், 1937-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஒரு நல்ல மனிதர் அந்த வாசல் வழியாக வந்தார் என்பதால் வாசலில் காவல் இல்லை என்று ஆகிவிடாது.

அந்தக் காவலை இந்தக் குடும்பமே காத்தது ஐயா. நகரத்துத் தொழிலாளிக்கு ஓட்டுரிமை கொடுக்கும் மசோதா வந்தபோது, 1867-ல் மந்திரி பதவியை வீசிவிட்டு வெளியே வந்தவர் சாலிஸ்பரி. 1911-ல் பிரபுக்கள் சபையின் அதிகாரத்தைக் குறைக்க வந்தபோது அவர் மகன்கள் கடைசி வரை எதிர்த்தார்கள். 1998-ல் பரம்பரைப் பிரபுக்களை வெளியேற்ற டோனி பிளேர் அரசு வந்தபோது, ரகசியமாகப் பேசி 92 பேரின் இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர் யார்? கிரான்போர்ன் பிரபு. அவரும் ஒரு செசில். உழைப்பால் நின்றவர்களுக்குப் பிறப்புரிமையைக் காக்க இத்தனை போராட்டம் எதற்கு?

கடைசியாக ஒன்று. 1886-ல் தாதாபாய் நவ்ரோஜி லண்டன் ஹோல்பர்ன் தொகுதியில் நின்று தோற்றார். இரண்டு வருஷம் கழித்து எடின்பரோவில் பேசிய பிரதமர் சாலிஸ்பரி, ஒரு கறுப்பு மனிதனைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குப் பிரிட்டிஷ் தொகுதி எதுவும் இன்னும் வந்துவிட்டதா என்று சந்தேகப்பட்டார். நவ்ரோஜி பேராசிரியர், வணிகர், இந்தியாவின் வறுமையைக் கணக்குப் போட்டுக் காட்டியவர். அவருக்குத் தாய்மாமன் யாரும் அங்கே இல்லை. ஸ்டாம்ஃபோர்டும் இல்லை. வீடு வீடாக, கூட்டம் கூட்டமாக அலைந்து 1892-ல் சென்ட்ரல் ஃபின்ஸ்பரியில் மறுபடி நின்றார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. ஒரு கை விரலுக்குள் அடங்குகிற வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து உள்ளே போனார்.

இருபத்துமூன்று வயதில் போட்டியே இல்லாமல் உள்ளே போனவரையும், அறுபத்தாறு வயதில் இப்படி உள்ளே போனவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் ஐயா. வணக்கம்.