முதலில் முறையீடு, பிறகுதான் துதி

நேயர்களுக்கு அன்பின் வணக்கம்.

வேலை நிலைக்குமா, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை பத்திரமாக இருக்கிறானா என்று மனம் அலைபாயும் நாட்களிலும், நம்மில் பலர் ஜெபிக்க உட்கார்ந்ததும் நேரே ஸ்தோத்திரத்துக்குப் போய்விடுகிறோம். பயமாக இருக்கிறது என்று சொன்னால் அவிசுவாசம் ஆகிவிடுமோ என்ற கூச்சம்தான் காரணம். சொல்லாமல் விட்ட பயமோ ராத்திரி இரண்டு மணிக்குத் தட்டி எழுப்புகிறது. வேதாகமத்தில் இந்தக் கூச்சம் கிடையாது. அதில் சங்கீதம் என்று சொல்லப்படும் 150 பக்திப் பாட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்.

13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறார், அதுவும் கர்த்தரிடமே. அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும். இடையில் சத்துரு ஒழிந்துபோனதாக ஒரு வார்த்தைகூட இல்லை.

இதே வரிசையில் ஜெபிக்கப் பதினைந்து நிமிடம் போதும். சங்கீதத்தை ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். அச்சிட்ட வேதாகமமே நல்லது; போனில் திறந்தால் அடுத்த நிமிடம் வாட்ஸ்அப்பில் இருப்போம். பிறகு முறையீடு. "எல்லாம் கஷ்டமாயிருக்கு ஆண்டவரே" என்று பொதுவாகச் சொன்னால் பாரம் இறங்காது. "பத்தாம் தேதி வட்டி கட்டணும், கையில் பாதிதான் இருக்கு, வீட்டில் சொல்ல பயமாயிருக்கு" என்று சொல்லுங்கள். விண்ணப்பம் ஒன்றே ஒன்று, நாளைக்கு வேண்டியதாக இருக்கட்டும். கடைசியில், முன்பு கர்த்தர் உங்களைத் தாங்கி நடத்திய ஒரு சம்பவத்தைச் சொல்லி நன்றி செலுத்துங்கள். பொதுவான துதி வார்த்தைகளைவிட அந்த ஒரு ஞாபகம் மனதை நிறுத்தும்.

பெரும்பாலும் தடம் புரள்வது முறையீட்டில்தான். "நீர்" என்று தொடங்கிய பேச்சு, "அவன் அப்படிச் சொன்னால் நான் இப்படிச் சொல்வேன்" என்று திரும்பியிருந்தால், ஜெபம் நின்று கணக்குப் போடுதல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உங்களை நொந்துகொள்ள வேண்டாம். சங்கீதத்தின் முதல் வசனத்தை மறுபடி வாய்விட்டு வாசித்து அங்கிருந்து தொடருங்கள். நேற்று ஜெபித்ததையே இன்றும் ஜெபிக்கிறோமே என்ற உறுத்தலும் வேண்டாம். சிலுவைக்கு முந்தின இரவு, கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஜெபித்தார்.

சரீரத்தையும் மறக்கக் கூடாது. சூரைச்செடியின் கீழே சாக விரும்பிப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டான், தூங்கினான், மறுபடியும் சாப்பிட்டான். கர்த்தர் ஓரேப் மலையில் அவனோடு பேசியது அதற்குப் பிறகு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வீட்டாரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். உபவாசம் இருக்க அது நேரமல்ல.

இன்றிரவு 13-இல் தொடங்குங்கள். நாளைக்கு 42-ஐயும் 43-ஐயும் சேர்த்தே வாசியுங்கள். இரண்டுக்கும் பல்லவி ஒன்றுதான். 88-ஆம் சங்கீதம் மட்டும் நம்பிக்கைப் பக்கம் திரும்பாமலே முடிந்துவிடும். அதைத் தனியாக வாசிக்காமல், வீட்டிலோ சபையிலோ நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.