சைரந்திரி வேடம் கேடயமே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

சூதில் தோற்ற பாண்டவர்கள் 12 ஆண்டு காட்டில் கழித்தபின், ஓராண்டு யாருக்கும் அடையாளம் தெரியாமல் மறைந்து வாழ வேண்டியிருந்தது. அப்போது விராட நகரில் பாஞ்சாலி ஏற்ற சைரந்திரி வேடம், அதாவது அரசிக்கு ஒப்பனை செய்யும் பணிப்பெண் வேடம், அவளுக்குக் கேடயமா, சுமையா என்பது கேள்வி. சுமை என்று எதிரணி நண்பர் உருக்கமாகப் பேசினார். சந்தனம் அரைத்துக் காய்த்துப்போன கைகளை அவள் பீமனிடம் காட்டிய இடத்தை அவர் சொன்னபோது எனக்கும் தொண்டை அடைத்தது. அந்த வலியை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் கேடயம் பிடித்த கையும் வலிக்கத்தான் செய்யும்.

முதல் நாளைப் பாருங்கள். அழுக்கேறிய ஒற்றைத் துணி, ஒரு பக்கமாக முடிந்து மறைத்த கூந்தல். யார் நீ என்று கேட்கிறாள் அரசி சுதேஷ்ணை. கூந்தல் முடிப்பேன், மாலை தொடுப்பேன், சாந்து அரைப்பேன். முன்பு சத்தியபாமையிடம் இருந்தேன், பாண்டவர்களின் மனைவியிடமும் இருந்தேன் என்கிறாள். தன்னையே தன் பழைய எசமானி ஆக்கிவிட்டாள்! அரண்மனைப் பழக்கம் தனக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கே இடம் இல்லாமல் போயிற்று. அப்புறம், வேலை கேட்டு வந்தவள் நிபந்தனை போடுகிறாள். எச்சில் உணவு தரக்கூடாது, கால் கழுவச் சொல்லக்கூடாது. மறைந்திருந்து காக்கும் கந்தர்வக் கணவர்கள் ஐவர் எனக்கு உண்டு. என்னைத் தீண்ட நினைப்பவன் அன்றிரவே சாவான் என்கிறாள். முன்பின் தெரியாத ஊரில், துணையின்றி நின்று, தன் மரியாதைக்குத் தானே வேலி போட்ட பெண் அவள்.

அவளை அடைய நினைத்த, அரசியின் உடன்பிறந்தவன் கீசகன், சபையில் அவளை உதைத்தானே, வேடம் காத்ததா என்று கேட்டார் நண்பர். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே தவறியது வேடமா, சபையா? மன்னன் விராடன் தண்டிக்கவில்லை. கங்கன் என்ற பெயரில் மறைந்திருந்த தருமரோ, நேரம் தெரியாமல் நடிகையைப் போல ஓடித் திரிகிறாயே என்றார். அந்தச் சொல்லை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அவ்வளவு அவமானத்திலும் அவள் ஒரு பெயரைக்கூட வாய்தவறிச் சொல்லவில்லை. சொல்லி அடையாளம் வெளிப்பட்டிருந்தால் ஐவருக்கும் மறுபடி 12 ஆண்டு காடு.

சரி, கீசகன் செத்த இரவுக்கு வருவோம். பீமன் அவனை உருத்தெரியாத பிண்டமாக்கிவிட்டுப் போய்விட்டான். காவலர்களைக் கூப்பிட்டு, என் கந்தர்வக் கணவர்கள் கொன்றுவிட்டார்கள் என்கிறாள் பாஞ்சாலி. ஊரே நம்பியது. ஏன்? முதல் நாளே அவள் ஊன்றிய விதை அது. மடைப்பள்ளியில் சமையல்காரனாக மறைந்திருந்த பீமனை யாரும் சந்தேகிக்கவில்லை.

பயந்துபோன மன்னன் அவளைப் போய்விடச் சொல்கிறான். அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. இன்னும் 13 நாள் பொறுங்கள், என் கணவர்கள் வந்து அழைத்துப்போவார்கள், உங்களுக்கும் நல்லது செய்வார்கள் என்று சுதேஷ்ணையிடம் சொல்கிறாள். சைரந்திரியாகவே பேசுகிறாள். ஆனால் நடுவர் அவர்களே, அதில் ஒரு சொல்லாவது பொய்யா?

நன்றி, வணக்கம்.