பயன் பெற்றவர்கள் போய் வந்தவர்களே

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அக்கா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மாரே, தம்பி தங்கையரே, யாங்கோன் நகரத்துத் தமிழ்ச் சபைகளிலிருந்து வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

"குறுகிய கால ஊழியப் பயணத்தால் பெரிதும் பயன் பெறுவோர் அங்குள்ள குழந்தைகளே" என்பது அவர்கள் கட்சி. "சென்று வரும் இளைஞர்களே" என்பது எங்கள் கட்சி. இப்படியொரு தலைப்பு எங்கிருந்து வந்தது என்பது அவைக்குத் தெரியும். நம் வாலிபர் ஐக்கியத்தார் கோடை விடுமுறையில் பாங்காக் வழியாகத் தாய்லாந்தின் எல்லை நகரமான மே சோட்டுக்குச் சென்று, எல்லையில் ஓடும் மோய் ஆற்றைக் கடந்து போய்த் தோட்டங்களிலும் தையல் ஆலைகளிலும் உழைக்கிற நம் மியான்மர் நாட்டுப் பெற்றோரின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றிலும், அதையொட்டிய விடுதியிலும் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தித் திரும்பியிருக்கிறார்கள். அந்தக் குடும்பங்கள் ஏன் ஆற்றைக் கடந்தன என்பதை நான் இந்த மேடையில் விளக்க வேண்டியதில்லை. திரும்பி வந்த பிள்ளைகள் சபையில் சொன்ன சாட்சியைக் கேட்டு நம்மில் பலர் கண் கலங்கினோம். அந்தக் கண்ணீரை அப்படியே சான்றாக எடுத்துக்கொண்டு தீர்ப்பு கேட்கிறார்கள் எதிரணியினர். எங்கள் வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

எதிரணித் தலைவர் அண்ணன் அவர்கள் முதல் சான்றாக ஒரு காட்சியை நம் கண்முன் வைத்தார். வண்டியை விட்டு இறங்கியதுமே விடுதிக் குழந்தைகள் ஓடி வந்து, முன்பின் பார்த்திராத நம் இளைஞரின் கைகளைப் பற்றிக்கொண்டார்கள். மடியில் ஏறி அமர்ந்தார்கள். புறப்படும் நாளில் விம்மி அழுதார்கள். குழந்தைகள் பயன் பெற்றார்கள் என்பதற்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று அவர் கேட்டார். நான் ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகள் வகுப்பை நடத்துகிறவள். நம் சபைக்குப் புதியவர் ஒருவர் வந்தால் நம் வீட்டு நான்கு வயதுக் குழந்தை என்ன செய்கிறது? தாயின் பின்னால் ஒளிகிறது, அங்கிருந்தபடியே எட்டிப் பார்க்கிறது, தாய் சிரித்துப் பேசிய பிறகே மெல்ல முன்னால் வருகிறது. தன்னைப் பேணுகிறவர் யார் என்பது உறுதியாகத் தெரிந்த குழந்தையின் இயல்பு அது. பார்த்த மாத்திரத்தில் எவர் மடியிலும் ஏறி உட்காரும் குழந்தையைக் கண்டால், ஐயா, நமக்கு மகிழ்ச்சிக்கு முன்பாகக் கவலை வர வேண்டும்.

இது என் சொந்தக் கற்பனை அன்று. ருமேனியாவின் தலைநகரான புக்கரெஸ்டில், காப்பகங்களில் வளர்ந்த 136 குழந்தைகளை நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா என்ற மூன்று அமெரிக்க அறிஞர்கள் 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான பராமரிப்பே தொடர்ந்தது. அந்நியர் என்று பாராமல் யாரோடும் ஒட்டிக்கொள்கிற பழக்கம் காப்பகத்தில் வளர்ந்தவர்களிடம் மிகுந்திருந்ததை அந்த ஆய்வு பதிவு செய்தது. தென்னாப்பிரிக்காவின் லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010இல் வெளியிட்ட கட்டுரை நம் தலைப்புக்கு இன்னும் நெருங்கி வருகிறது. எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் இல்லங்களுக்கு வெளிநாட்டுத் தொண்டர்கள் சில நாள், சில வாரம் என்று வந்து போவதை ஆராய்ந்த அவர்கள், இப்படி ஒட்டுவதும் பிரிவதும் திரும்பத் திரும்ப நிகழ்வது ஏற்கெனவே இழப்பைக் கண்ட குழந்தைக்குக் கேடு என்று எச்சரித்தார்கள். மே சோட்டு விடுதி ருமேனியக் காப்பகம் ஆகாது, நம் பிள்ளைகள் தங்கியதும் கொஞ்ச நாள்தான் என்று எதிரணி சொல்லலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் வேறு நாட்டுச் சபைகளின் குழுக்களும் அந்த விடுதிக்கு விடுமுறைதோறும் வந்து போகின்றன என்று நம் பிள்ளைகளே சாட்சியில் சொன்னார்களே! நமக்கு அது ஒரே ஒரு பிரிவு. விடுதிக் குழந்தைக்கு அது எத்தனையாவது பிரிவு என்று யாராவது கேட்டோமா?

அடுத்துப் பேசிய தங்கை ஒரு நல்ல கருத்தைச் சொன்னார். வெள்ளைக்காரக் குழுக்களைப் போல நம் இளைஞர் மொழி தெரியாமல் போய்க் கைகாட்டிச் சிரித்துவிட்டு வரவில்லை, பர்மிய மொழியில் கதை சொன்னார்கள், குழந்தைகள் தங்கள் வீட்டுக் கதையெல்லாம் பேசினார்கள் என்றார். எதிரணியின் வாதங்களில் வலுவானது இதுவே என்று நான் கருதுகிறேன். கரேன் மொழி மட்டுமே பேசும் சின்னஞ்சிறு குழந்தைகளை ஒதுக்கிவைத்துப் பார்த்தால் தங்கை சொன்னது உண்மைதான். அந்த உண்மை எங்கே கொண்டு போய் விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மொழி தெரியாத விருந்தாளியிடம் குழந்தை விளையாடும்; மொழி தெரிந்த அக்காவிடம் மனத்தைத் திறக்கும். அப்பா வேலைக்குப் போன இடத்திலிருந்து திரும்பவில்லை என்று ஒரு சிறுமி சொன்னதாகத் தங்கை குரல் தழுதழுக்கச் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்ட அக்கா மூன்றாம் நாள் பேருந்து ஏறிவிட்டார். திறந்த மனத்தை யாரிடம் ஒப்படைத்துவிட்டு ஏறினார்? விடுதிப் பொறுப்பாளரிடம் சொன்னாரா, அங்குள்ள ஆசிரியரிடம் சொன்னாரா? சாட்சியில் நம்மிடம் சொன்னார். நாம் உருகினோம். பயன் எங்கே வந்து சேர்ந்தது என்பதை நடுவர் ஐயா இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே அளந்துகொள்ளலாம்.

வேதத்தையும் எடுத்துக் காட்டினார்கள். திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்று யாக்கோபு எழுதியதை எதிரணித் தலைவர் கணீரென்று சொன்னபோது கைதட்டல் எழுந்தது, நானும் தட்டினேன். ஆனால் அந்த வசனத்தில் பிள்ளைக்குப் பக்கத்திலேயே விதவையும் நிற்கிறாள். அவளை அண்ணன் எங்கே விட்டுவிட்டு வந்தார்? கம்போடியாவின் காப்பகங்களைப் பற்றி அந்நாட்டு அரசும் யுனிசெஃப் அமைப்பும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, அங்கிருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதாகக் கண்டறிந்தது. அநாதை என்று நாம் நினைத்துக் கண்ணீர் விடுகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் ஏழைத் தாய் ஒருத்தி இருக்கிறாள். சோறும் பள்ளிக்கூடமும் கிடைக்கும் என்று நம்பி அவள் பிள்ளையை விட்டிருக்கிறாள். பார்வையாளர் வரவும் காணிக்கையும் பெருகப் பெருகக் காப்பகங்களும் பெருகின என்பது அந்த நாட்டில் கண்ட அனுபவம். ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டத்தை இயற்றியபோது, காப்பகத்தை நிரப்புவதற்காகக் குழந்தைகளைக் கடத்துவதும் அந்த விவாதத்தில் பேசப்பட்டது. மே சோட்டில் நாம் கண்ட விடுதியை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தூரத்துத் தோட்டத்தில் வேலை பார்க்கும் பெற்றோர் வேறு வழியின்றிப் பிள்ளையை விட்டுச் செல்லும் இடம் அது. அப்படியானால் அந்தத் தாயைப் பார்க்க நம் குழுவில் யார் போனார்கள்? மாலையில் அவள் வேலை முடிந்து வரும் நேரத்தில் நாம் பாட்டுப் பயிற்சியில் இருந்தோம்.

பவுல் அப்போஸ்தலனும் பயணம்தான் செய்தார் என்றது எதிரணி. செய்தார். கொரிந்துவில் ஒன்றரை ஆண்டு தங்கினார், எபேசுவில் மூன்று ஆண்டு கண்ணீரோடு புத்தி சொன்னதாக அவரே சொல்கிறார். அவ்வளவு தொலைவு போவானேன், நம் ஊரையே பார்ப்போம். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813இல் இந்த ரங்கூன் துறையில் வந்து இறங்கினார். மௌங் நவ் என்ற முதல் பர்மியர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றது 1819இல். நடுவே ஆறு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவர் பர்மிய மொழி படித்தார், எழுதினார், கடைசியில் சாலையோரச் சாவடியில் உட்கார்ந்து போவோர் வருவோரோடு பேசினார். வேதாகமத்தைப் பர்மிய மொழியில் பெயர்த்து முடிக்க 1834 ஆயிற்று. இதற்கிடையே அன்றைய தலைநகரான ஆவாவில் சிறையும் கண்டார். அவருடைய நினைவைச் சுமக்கும் தேவாலயம் இதே நகரத்தில் இருக்க, அதைக் கடந்து விமான நிலையத்துக்குப் போய், ஒரு வாரத்தில் ஊழியம் முடித்துத் திரும்பியதாகச் சொல்ல நமக்குச் சற்றே கூச்சம் வர வேண்டாமா?

மே சோட்டுப் பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதற்கு வருகிறேன். குடியுரிமைத் தாள் இல்லாத குழந்தையும் அரசுப் பள்ளியில் சேரலாம் என்று தாய்லாந்து அமைச்சரவை 2005இலேயே முடிவு செய்தது. இருந்தும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் நம் நாட்டவர் நடத்தும் கற்றல் மையங்களில் படிக்கிறார்கள். தாய்லாந்து மொழியில் பாடம் புரிவதில்லை, பெற்றோருக்கு வேலை மாறினால் ஊரும் மாறுகிறது, என்றாவது திரும்புவோம் என்ற நினைப்பும் விடுவதில்லை. அந்த மையங்கள் நன்கொடையை நம்பி நிற்பவை. நன்கொடை குறைந்தால் முதலில் குறைவது ஆசிரியரின் படிதான். படி குறைந்த ஆசிரியர் தொழிற்சாலைக்கோ பாங்காக்குக்கோ போய்விடுகிறார்; குழந்தைகள் ஆண்டு நடுவில் ஆசிரியர் இன்றி நிற்கிறார்கள். அவர்களுக்குத் தேவை அதே ஆசிரியர் அடுத்த ஜூன் மாதமும் வகுப்புக்கு வருவது. நம் குழு முழுவதற்குமான விமானச் சீட்டும் பேருந்துக் கட்டணமும் விடுதி வாடகையும் ஒரே சட்டை அச்சடித்த செலவும் சேர்த்துப் பார்த்தால், ஓர் ஆசிரியரின் படி எத்தனை மாதத்துக்கு வரும் என்பதைச் சபைப் பொருளாளர் ஐயா இங்கேயே கூட்டிச் சொல்லலாம். சட்டையை மட்டும் நான் தனியாகக் குறிப்பிடுவதற்காக வாலிபர் ஐக்கியத்தார் என்னை மன்னிக்க வேண்டும், நன்றாகத்தான் இருந்தது.

ஹோண்டுராஸ் நாட்டில் 1998இல் மிட்ச் புயல் வீடுகளை அடித்துச் சென்ற பிறகு வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் போய் வீடு கட்டிக் கொடுத்தன. கர்ட் வெர் பீக் என்ற கிறிஸ்தவ அறிஞரே அதை ஆராய்ந்தார். வெளிநாட்டார் கட்டிய வீட்டில் குடியேறிய குடும்பத்துக்கும், உள்ளூரார் கட்டிய வீட்டில் குடியேறிய குடும்பத்துக்கும் வாழ்க்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. போய் வந்தவர்களின் மனமாற்றமும் அவர்கள் சொன்ன அளவுக்கு நிலைக்கவில்லை என்பதையும் அவர் கண்டார். இது எங்கள் கட்சிக்கு எதிராயிற்றே என்று எதிரணி துள்ள வேண்டாம். பெரிதும் பயன் பெறுவோர் யார் என்பதே தலைப்பு. நம் இளைஞர் முதல் முறையாக வெளிநாடு பார்த்தார்கள், கூட்டாக வேலை செய்யப் பழகினார்கள், மேடையில் பேசக் கற்றார்கள், தாங்கள் எவ்வளவு வசதியோடு வளர்ந்தோம் என்பதை உணர்ந்தார்கள். ஒரு தம்பி ஆசிரியர் பயிற்சிக்குப் போகலாமா என்று என்னிடம் வந்து கேட்டான். அவை எல்லாம் நல்ல பயன்கள். அவற்றில் எத்தனை நிலைக்கும் என்பது வேறு கேள்வி. கிடைத்த அளவும் போனவர்களுக்கே கிடைத்தது.

படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊர்ப் பெயரும் பள்ளியின் பெயர்ப் பலகையும் தெரிய, குழந்தைகளின் முகம் தெரிய, முகநூலில் படங்கள் ஏறின. அந்தக் குழந்தைகளின் பெற்றோர் பலரிடம் தாள் இல்லை. சிலர் தாம் இருக்கும் இடம் யாருக்கும் தெரியக் கூடாது என்று அஞ்சி வாழ்கிறவர்கள். பெற்றோரிடம் கேட்டுத்தான் போட்டோம் என்று எதிரணியில் ஒருவராவது எழுந்து சொன்னால் இந்தக் குற்றச்சாட்டை நான் இப்போதே திரும்பப் பெறுகிறேன்.

அப்படியானால் போகவே கூடாதா என்று அடுத்துப் பேச வரும் தம்பி கேட்பார். போகலாம் என்பதே என் கருத்து. கற்கப் போகிறோம் என்று சபைக்குச் சொல்லிப் போகலாம். பாட்டும் கதையும் அங்குள்ள ஆசிரியர் கையில் இருக்க, நாம் பின்னால் நின்று சமைக்கலாம், கூரை மாற்றலாம், கணக்கு எழுதிக் கொடுக்கலாம். குழந்தையோடு தனியாக ஒருவரும் இருப்பதில்லை என்ற விதியை எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்து வரும் தாய்மாரோடு உட்கார்ந்து பேசலாம். திரும்பிய பிறகு ஓர் ஆசிரியரின் படியை மாதம் தவறாமல் அனுப்பலாம். இப்படிப் போனால் சாட்சி சொல்ல அழுகைக் காட்சி கிடைக்காது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தம்பி என் மற்ற வாதங்களை விட்டுவிட்டாலும் குறையில்லை, மூன்று கேள்விகளுக்கு மட்டும் இந்த அவையில் பதில் சொல்லட்டும். அடுத்த கோடையில் அதே பள்ளிக்குத்தான் போகிறீர்களா, புது ஊர் பார்க்கிறீர்களா? இந்த ஆண்டு போனவர்களே போகிறார்களா, பெயர்ப் பட்டியல் மாறுகிறதா? நீங்கள் மீண்டும் வர வேண்டும் என்று அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் கேட்டார்களா, நீங்களே முடிவு செய்தீர்களா? மணி அடித்துவிட்டார்கள். பதிலைக் கேட்ட பிறகு நடுவர் ஐயா தீர்ப்பு எழுதலாம். நன்றி, வணக்கம்.